இரண்டாவது படத்தில் வராத நண்பர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நம் வாண்டும் காய்ச்சல், தலைவலி என்று ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்கிற நம்பிக்கையோடு பேனாவை எடுத்திருக்கிறேன். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், வாண்டுக்குக் காதை மூடிப் பள்ளிக்கூடம் அனுப்பு, அவள் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள், அது வேறு விஷயம். இங்கே என் உடம்பு பரவாயில்லை, முட்டி மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது, சர்க்கரை போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, டாக்டரம்மா நாற்பது நிமிஷம் நடக்கச் சொன்னார், நான் ஐம்பது நிமிஷம் நடக்கிறேன். உறையைப் பிரித்ததும் வாண்டு உள்ளே கையை விட்டுத் துழாவுவாள், இந்தத் தடவை போட்டோ ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடு. முதலில் நீ மட்டும் உட்கார்ந்து படி, மாப்பிள்ளையிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். கம்பெனியில் இருபத்தெட்டாம் தேதிக்குள் முடிவு கேட்கிறார்கள், இன்னும் ஐந்து வருஷத்துக்கு அங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போடலாம், இல்லாவிட்டால் இங்கே இருக்கிற கிளைக்கு மாற்றல் கேட்கலாம், நீங்க தனியா கஷ்டப்படறீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, வந்துடறேன் என்று கேட்டாய். எனக்கென்ன குறைச்சல், ஒரு படையே இருக்கு என்கூட, நீ தாராளமா கையெழுத்தைப் போடு என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆமாம்ப்பா, உங்க போட்டோவைப் பார்த்தாலே தெரியுது, எங்களைவிட உங்களுக்குத்தான் ஊர் சுத்த ஆள் அதிகம் என்று நீயும் சிரித்தாய், உன் குரலிலிருந்து ஒரு பாரம் இறங்கினது எனக்கு இங்கே கேட்டது. நான் சொன்னது பொய் அம்மாடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்று வேறு யாரையோ சொல்வோம், நான் மூன்று வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இன்றைக்குத் தேதி பன்னிரண்டு, தபால் ஒன்பது பத்து நாளில் உன் கைக்கு வந்துவிடும், நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்றுதான் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போனை வாண்டு கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாயே, அப்போது அவள் என்னைப் பிடித்துவிட்டாள். நான் மாதாமாதம் அனுப்புகிற போட்டோக்களை எல்லாம் ஆல்பத்திலிருந்து உருவிக் கூடத்துத் தரையில் அடுக்கிப் பார்த்தாளாம், எண்பத்து மூணு போட்டோ இருக்கு தாத்தா, உங்க ஃபிரெண்ட்ஸ்ல ஒருத்தர்கூட ரெண்டாவது போட்டோவுல இல்லையே, ஏன் தாத்தா என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தப் போலீஸ் மூளை உன் அம்மாவிடமிருந்துதான் போயிருக்க வேண்டும், என் சட்டைப் பையில் இருக்கிற காகிதத்தைப் பார்த்தே நான் எங்கே டீ குடித்தேன் என்று சொல்லிவிடுகிறவளாக இருந்தாள். அவங்கல்லாம் அவங்கவங்க பிள்ளைங்க வீட்டுக்குப் போயிட்டாங்கடா கண்ணு என்று என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. எல்லாருமா தாத்தா என்றாள். அடுப்பில் பால் பொங்குது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் கேட்டதை உன்னிடம் சொன்னாளா என்று தெரியவில்லை, சொல்லியிருந்தால் நீ மறுபடி கூப்பிட்டிருப்பாய் என்று நினைக்கிறேன்.

சொல்லிவிடுகிறேன். அந்த எண்பத்து மூன்று படத்தில் இருக்கிற ஒருத்தர்கூட எனக்கு நண்பர் இல்லை, பெயர்கூடத் தெரியாது. ஏரிக்கரையிலும் பூங்காவிலும் அணைக்கட்டிலும் பார்த்த யாரோ எவரோ. மஃப்ளர்காரர், சிரிப்பு டீச்சர், வக்கீல், இருமல் அண்ணாச்சி என்று படத்துக்குப் பின்னால் நான் எழுதி அனுப்பின அத்தனை பேரும் அப்படித்தான். அந்த வக்கீல் வக்கீலா என்றுகூட எனக்குத் தெரியாது, கறுப்புக் கோட்டு போட்டிருந்தார், அவ்வளவுதான்.

இது எப்படி ஆரம்பித்தது என்று நீ கேட்பாய். நான் ரிட்டயர் ஆனபோது அந்தக் கேமராவை நீதான் வாங்கி அனுப்பினாய், ஆளுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும்ப்பா என்று. முப்பத்து நாலு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்குக் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாது. முதல் மாதம் உன் அம்மாவைப் பன்னிரண்டு படம் எடுத்தேன், பன்னிரண்டிலும் அவளுக்குத் தலை இல்லை. புடவை நல்லா விழுந்திருக்கு, தலை எதுக்கு என்று அவள் கேலி செய்ததை உனக்கு அப்போதே எழுதினேன். ஏரியில் மீன்கொத்தி எடுக்கிறேன் என்று வெயிலில் நின்று கறுத்ததுதான் மிச்சம், வெறும் கிளை ஐம்பது படம் இருக்கிறது, மீன்கொத்தி ஒன்றிலும் இல்லை, நான் பட்டனை அமுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அது சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வீட்டுக்கே போய்விடும். நீங்கள் வந்து போன அந்த ஒரு கோடை விடுமுறையில் வாண்டு படிக்கட்டில் உட்கார்ந்து மாம்பழம் தின்றபோது எடுத்ததுதான் நான் எடுத்த முதல் நல்ல படம், மூக்கு நுனிவரைக்கும் பழம், அதில் அவள் என்னைப் பார்த்தே சிரிக்கிறாள். அதற்கு அடுத்த வருஷம் உன் அம்மா போனாள். கேமராவை அலமாரியில் வைத்து மூடிவிட்டேன்.

அப்புறம் நீ தினமும் போன் செய்தாய். சாப்பிட்டீங்களா, யாராவது வந்தாங்களா, யாரோடயாவது பேசினீங்களா, இந்த மூன்றே கேள்விதான். முதல் கேள்விக்குப் பதில் இருந்தது, மற்ற இரண்டுக்கும் இல்லை. நீ போனிலேயே அழுவாய், வேலையை விட்டுட்டு வந்துடறேன்ப்பா என்பாய். நீ புது இடத்தில் வேலையில் சேர்ந்து அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, மாமா அவ சரியாத் தூங்கறதில்ல, பயமா இருக்கு என்றார், நல்ல மனுஷன், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மறுநாள் நான் கேமராவை எடுத்துக்கொண்டு பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தமான ஏரிக்குப் போனேன். சும்மா ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்பினால், அப்பா வெளியே போய்வருகிறார் என்று தெரியட்டுமே என்றுதான் போனேன், வேறு நினைப்பு இல்லை. அங்கே ஏதோ ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள், கழுத்தில் கேமரா தொங்குவதைப் பார்த்து, சார் எங்களை ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா என்று அவர்கள் போனை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு என் கேமராவிலும் ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், தாராளமா என்றார்கள். அதைத்தான் முதலில் உனக்கு அனுப்பினேன், ஏரிக்குப் போனேன் என்று மட்டும்தான் பின்னால் எழுதியிருந்தேன், வேண்டுமானால் எடுத்துப் பார். நீ கூப்பிட்டு, அப்பா இவங்கல்லாம் யாரு, உங்க ஃபிரெண்ட்ஸா என்று கேட்ட குரல் இருக்கிறதே, உன் அம்மா போனதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. நான் ஆமாம் என்றேன். ஒரு ஆமாம்தான் அம்மாடி. மறுநாள் மாப்பிள்ளை கூப்பிட்டு, மாமா, அவ நேத்து அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினா என்றார். அப்புறம் எந்த வாயால் இல்லை என்று சொல்வது.

அதிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று படத்துக்கு ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. எனக்குத்தான் பழைய ஊழியர் பாஸ் இருக்கிறதே, எந்த பஸ்ஸிலும் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போவேன், கூட்டமாக யார் சிரித்துக்கொண்டிருக்கிறார்களோ அங்கே போய், உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா, வெளிச்சம் நல்லா விழுது என்பேன். வெளிச்சம் நல்லா விழுது என்றால் யாரும் மறுப்பதில்லை, அது ஒரு ராசி. சிரிப்பு வராவிட்டால், பல்லு செட்டா இருந்தாலும் பரவாயில்ல காட்டுங்க என்பேன், எல்லோரும் சிரித்துவிடுவார்கள். என் நீலப் பையைக் கொண்டுபோய் அவர்கள் காலடியில் வைத்துவிடுவேன், என் டிபன் பாக்ஸைத் திறந்து அவர்கள் டிபன் பாக்ஸ்களோடு சேர்த்து வைப்பேன், நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நிற்கச் சொல்வேன். இந்த இடம் யாருக்கு சார் என்று கேட்டால், படத்துக்கு அழகு என்பேன். அந்த இடம் அப்பா நின்ற இடம், விலகி வந்து படம் எடுத்திருக்கிறார் என்று நீ நினைத்துக்கொள்வாய் என்று ஒரு கணக்கு. நீயும் அப்படியேதான் நினைத்தாய், அப்பா எப்பவும் நீங்களே எடுக்கறீங்க, ஒருதடவை வேற யாரையாவது எடுக்கச் சொல்லிட்டு நீங்க நில்லுங்களேன் என்று எழுதினாய்.

அதற்காக ஒரு தடவை அணைக்கட்டுப் பூங்காவில் ஒரு குடும்பத்தை வரிசையாக நிற்கவைத்து, கேமராவைக் கல்மேல் வைத்து, அந்தத் தானாக எடுத்துக்கொள்கிற பட்டனை அமுக்கிவிட்டு ஓடினேன். பத்து விநாடி கொடுக்கிறது கேமரா. முப்பத்து நாலு வருஷம் மற்றவர்கள் அரை நிமிஷம் தாமதமாக வந்தால் சிவப்பு மையில் குறித்தவன், அன்றைக்குப் புல் தடுக்கித் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், குறுக்கே என் முதுகு மட்டும் இருக்கிறது, வழுக்கை வேறு பளபளவென்று. அந்தக் குடும்பத்து அம்மா, பெரியவரே அடிபட்டுதா என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்க வெட்கமாக இருந்தது, அவர்களும் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்கள். அந்தப் படத்தை உனக்கு அனுப்பவில்லை.

வாண்டு கதை கேட்க ஆரம்பித்ததும்தான் வினை. மஃப்ளர்காரர் ஏன் வெயில் காலத்தில் மஃப்ளர் போட்டிருக்கார் தாத்தா என்று அவள் கேட்க, அவருக்கு ஒரு மகள் இருக்கா, அவளே பின்னிக் கொடுத்தது, கழற்றினா மகள் கோவிச்சுக்குவா என்று நான் ஒன்று எடுத்துவிட்டேன். அப்புறம் அந்த மகளுக்கு வரன் பார்த்தேன், மாப்பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன், கல்யாணத்தையும் நடத்திவைத்தேன், மழையில் பந்தல் ஒழுகினது வரைக்கும் எழுதினேன். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள், என் பொய் பஸ் பாஸ் இல்லாமலேயே ஊரெல்லாம் சுற்றியது. படம் பிரிண்ட் போடுகிற ஸ்டுடியோக்காரர் மட்டும் ஒருநாள், சார் உங்க கூட்டாளிங்க மாசத்துக்கு மாசம் மாறிடறாங்களே என்று சொன்னார். உன் வேலை பிரிண்ட் போடறது, அதைப் பாரு என்று சள்ளென்று விழுந்தேன், பாவம், அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அதிலிருந்து அவரும் பேசுவதில்லை, உறையை நீட்டுவதோடு சரி. போகும்போதெல்லாம் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்த ஒரு மனுஷனையும் இப்படிக் கெடுத்துக்கொண்டேன்.

வாண்டு கேட்டது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் நான் உன்னிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மதியம் பதினேழாம் நம்பரில் போய்க்கொண்டிருந்தேன், மூன்றாவது நிறுத்தத்தில் மஃப்ளர்காரர் ஏறினார். அவரேதான், அதே பழுப்பு மஃப்ளர். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொந்தத் தம்பியைப் பார்த்த மாதிரி எழுந்து நின்றுவிட்டேன், வாங்க வாங்க, இப்படி வந்து உட்காருங்க என்று கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். எங்கே பார்த்தோம்னு ஞாபகம் இல்லீங்களே என்றார். ஏரியிலே, போட்டோ எடுத்தேனே என்றேன், ஆமா ஆமா என்று மரியாதைக்குத் தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். நான், மகள் எப்படி இருக்கா, புகுந்த வீட்டில் ஒத்துப்போச்சா, அன்னிக்குப் பந்தல் ஒழுகி மூட்டை மூட்டையா சாமானெல்லாம் நனைஞ்சுதே என்று கேட்டேன். விளையாட்டுக்கு இல்லை, நடிக்கவும் இல்லை, நிஜமாகவே அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுத்தான் கேட்டேன். அவர் கையை மெல்ல உருவிக்கொண்டார். எனக்குப் பிள்ளைங்களே இல்லீங்க, நீங்க வேற யாரையோ நினைச்சுப் பேசறீங்க என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்ககூட வீட்டு ஆளுங்க யாராவது வந்திருக்காங்களா, தனியாவா வந்தீங்க, வீடு எங்கேன்னு தெரியுமா என்று ஒவ்வொன்றாக, சின்னப் பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டார். கண்டக்டரைக் கூப்பிட்டு ஏதோ காதில் சொன்னார். கண்டக்டர் என் பாஸை வாங்கிப் பார்த்து, டிப்போவில் வேலை பார்த்தவரா, எந்த நிறுத்தத்தில் இறங்கணும், நான் இறக்கிவிடறேன் என்றான். அந்தப் பதினேழாம் நம்பருக்கு நிறுத்தத்துக்கு நிறுத்தம் நேரம் போட்டுக் கொடுத்தவன் நான், அதில் என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

பயப்படாதே, எனக்கு மறதி வரவில்லை. மறுநாளே டாக்டரம்மாவிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன், தேதி கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், ஐந்து பொருளின் பெயரைச் சொல்லி அரைமணி கழித்துத் திருப்பிக் கேட்டார், எல்லாம் சரியாகச் சொன்னேன். மூளை நல்லா இருக்கு, பேச ஆள் இல்லாம கதையோட பேசிட்டிருந்திருக்கீங்க, வீட்டில் யார் இருக்காங்க என்றார். யாரும் இல்லை என்று சொன்னேன். மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை வாங்காமலே எழுந்து வந்துவிட்டேன், அப்புறம் நர்ஸ் பின்னால் ஓடிவந்து கொடுத்தாள்.

நான் பழகாத ஆள் இல்லை, ஆனால் என்னோடு யார் பழகுவார்கள் சொல். டிப்போவில் எல்லோருடைய தாமதத்தையும் எழுதிவைத்தவன் நான், நான் ரிட்டயர் ஆனபோது மாலையைப் போட்டுவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் சாயந்தரம் வாசலில் நின்று வானிலை பேசுவோம், அவர் வீட்டை விற்றுவிட்டுப் போனார், இப்போது அங்கே இருக்கிறவர்கள் காரிலேயே உள்ளே போய்க் காரிலேயே வெளியே வருகிறார்கள். உன் அம்மா இருந்தபோது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவளைப் பார்க்க வந்தவர்கள், அது அவள் போனதற்கு அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. காலையில் டீ போட்டுக் குடித்துப் பாத்திரம் கழுவி வைத்தால் ஏழரை மணி. அதற்குப் பிறகு ராத்திரி வரைக்கும் ஒரு பகல் இருக்கிறது பார், அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. டெலிவிஷனில் செய்தி வாசிக்கிறவள் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்கிறேன். ஒருநாள் ராங் நம்பர் வந்தது, அந்த ஆளைப் பத்து நிமிஷம் பேசவைத்துவிட்டேன், அவன் ஏதோ மெத்தை விற்கிறவனாம், நானும் வாங்குகிறவன் மாதிரி நீளம் அகலமெல்லாம் கேட்டேன். இதையெல்லாம் உன் மனசு கஷ்டப்பட வேண்டும் என்று எழுதவில்லை. நீ கேட்டாய், யாரோடயாவது பேசினீங்களா என்று, அதற்கு இதுதான் பதில்.

இனிமேல் நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த இடத்தை எழுதத்தான் மூன்று தாளைக் கிழித்தேன். முதல் தாளில், உன் வேலைதான் முக்கியம், என்னைப் பற்றி யோசிக்காதே என்று எழுதினேன், அது பெரிய மனுஷத்தனம் மாதிரி இருந்தது, ஆனால் அதுவும் பழைய பொய்தான், சட்டை மட்டும் வேறு. அடுத்ததில், அப்பா எத்தனை நாள் இருப்பேனோ என்று எழுதினேன், அதைப் படித்ததும் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது, பெற்ற பிள்ளையை இப்படியா மிரட்டுவது. மூன்றாவது தாளில் வாண்டு படிப்பு, மாப்பிள்ளை வேலை, இங்கே இருக்கிற பள்ளிக்கூடம் என்று நியாயம் பேசிப் பக்கத்தை நிரப்பிவிட்டேன், கடைசிவரைக்கும் என் மனசில் இருப்பது அதில் வரவே இல்லை. அதனால் இதில் நேராக எழுதிவிடுகிறேன். நீ வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. நீ இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்துத் தெருவில் இரு, இரண்டு பஸ் மாறி வருகிற தூரத்தில் இரு, வாரத்தில் ஒருநாள் என்னோடு சண்டை போட வா, எனக்கு அது போதும். இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வர முடியாது என்று நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தால் எனக்குக் கோபம் வராது, வருத்தம் வரும், வருத்தம் வருவது தப்பில்லை. உங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, கிடைத்த வேலையை விடுவது சும்மா இல்லை, எனக்குத் தெரியும். நீ எதை முடிவு செய்தாலும் நான் இருக்கிறபடி என்னைப் பார்த்து முடிவு செய், அந்த எண்பத்து மூன்று படத்தை வைத்து நீ நினைத்துக்கொண்ட அப்பாவைப் பார்த்து முடிவு செய்யாதே, அப்படி ஒருத்தர் இங்கே இல்லை. நீ என்மேல் கோபப்பட்டால் நியாயம், திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் தூக்கத்துக்காகத்தான் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், அது முதல் மாதத்துக்குச் சரி. அப்புறம் நான் செய்ததெல்லாம் எனக்காகத்தான், நாலு பேர் நடுவில் ஒரு இடம் எனக்காகக் காலியாக இருப்பதைப் பார்க்க எனக்கே பிடித்துப்போயிற்று.

வாண்டிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம், அவள் கண்டுபிடித்தது சரி என்று நானே சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், மஃப்ளர்காரருக்கு மகள் இல்லை என்பதுதான் அவளுக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும், அந்தப் பெண்ணுக்கு அவள் ஒரு வாழ்த்து அட்டைகூட வரைந்து அனுப்பியிருந்தாள், அது என் அலமாரியில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது, நாற்காலியை மாற்றச் சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு, மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுகிற பழக்கத்தை விடு. உங்கள் மூன்று பேருக்கும் நோய்நொடி இல்லாமல், மனசில் ஒன்றை வைத்து வாயில் ஒன்றைச் சொல்ல வேண்டிய நிலைமை வராமல், நீண்ட ஆயுசோடு நல்லபடியாக இருக்க அப்பாவும் உன் அம்மாவும் மனசார ஆசீர்வாதம் செய்கிறோம்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும், நீ போன் செய்வாய், எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்பாய், நல்லா இருக்கேம்மா என்றுதான் சொல்வேன். கடிதம் வந்த பிறகு கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், எனக்கு வாய் அப்படிப் பழகிவிட்டது. அதை நம்பாதே. இதை நம்பு.

உன்னைப் பார்க்க ஆசைப்படுகிற,
அப்பா